பின் சீற்றில் ஆருமில்லை

நமசிவாயத்துக்கு ஒருவரைப் பார்த்தால் முதலில் முகம் தெரியாது, கைதான் தெரியும். முப்பத்தொரு வருசம் அரச பஸ்ஸில் ரிக்கற் செக்கராக இருந்த மனுசனுக்கு வேறென்ன தெரியும்? இடைவழியில் கையைக் காட்டி பஸ்ஸை மறித்து ஏறுவார். ஏறியவுடன் பின்வாசலில் ஒரு பார்வை, கொண்டக்டரின் பையில் ஒரு பார்வை, அதன்பிறகு வரிசையாக எல்லாருடைய கைகளிலும். ரிக்கற் உள்ளவன் கையை நீட்டும் விதம் வேறு, இல்லாதவன் சட்டைப்பையைத் தடவும் விதம் வேறு என்பார். அதில் அவர் பிழைவிட்டது குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் பார்வையை அவர் இறக்கி வைக்கவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

ஓய்வு பெற்று நாலு வருசமாகிறது. வீடு தெல்லிப்பழையில், ஒரு குறுகிய ஒழுங்கையின் கடைசியில். சந்தையில் வாங்கிய மரவள்ளிக்கிழங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து தன்னுடைய தராசில் திரும்ப நிறுப்பார். பால்காரன் போன பிறகு பாலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பார்த்து என்ன கண்டுபிடிக்கிறார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. யாராவது சிரித்துக்கொண்டு வந்தால் என்ன கேட்க வருகிறான் என்று யோசிப்பார். சிரிக்காமல் வந்தால் எதை மறைக்கிறான் என்று யோசிப்பார். தாலி கட்டும் நேரத்தில் அதை உரசிப் பார்க்காமல் விட்டது சபையில் ஆட்கள் நின்றதால்தான் என்று அவருடைய மனைவி ஞானாம்பிகை சொல்வாள். முப்பத்துமூன்று வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதிகள். சிரிக்க முடியாத சங்கதி ஒன்று இருந்தது. அது மகள் சாருஜாவின் கலியாணம்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும்போது சாதகம் பொருந்துவது பாதி வேலைதான். மற்றப் பாதி விசாரிப்பு. மாப்பிள்ளையின் ஊருக்குப் போய், சந்திக் கடையிலும் வேலையிடத்திலும் அக்கம்பக்கத்திலும் மெல்லக் கதை கொடுத்து, குடி உண்டா, கோபக்காரனா, வேறு தொடர்பு ஏதும் இருக்கிறதா என்று அறிந்து வரவேண்டும். வழமையாக ஒரு மாமனோ சித்தப்பனோ போய்வருவார். நமசிவாயம் எந்தச் சித்தப்பனையும் நம்பாதபடியால் தானே போவார். போய்வந்த மூன்று தடவையும் சம்பந்தம் முறிந்தது.

முதலாவது மாப்பிள்ளை சாவகச்சேரியில் வங்கி உத்தியோகத்தர். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டுக்குள் போய் ஒரு மணித்தியாலம் கழித்து வெளியே வருவதை நமசிவாயம் எதிர்த் தேநீர்க் கடையில் இருந்து இரண்டு நாள் பார்த்தார். விசயம் இருக்கிறது என்று முடிவு கட்டினார். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று தெரியவந்தபோது அவனுக்கு வேறிடத்தில் கலியாணம் முடிந்து குழந்தையும் பிறந்துவிட்டது. இரண்டாவது மாப்பிள்ளை மருந்துக் கடையில் அடிக்கடி குளிசை வாங்கினான். தகப்பனுக்குத்தான் வாங்கினான். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. பெடியன் எப்படி என்று கேட்டதற்குச் சந்திக் கடைக்காரர் உடனே பதில் சொல்லாமல் ஒரு கணம் பொறுத்து, “நல்ல பெடியன்தான்” என்றார். அந்தப் பொறுத்ததற்காகவே நமசிவாயம் வேண்டாம் என்றுவிட்டார்.

சாருஜாவுக்கு இப்போது முப்பத்தொரு வயது. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கூடப் படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவள் அதைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அப்படிச் சொல்லாமல் இருப்பதையும் தகப்பன் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

நாலாவதாக வந்தவன் பிரவீணன். நெல்லியடிக்காரன், முப்பத்துமூன்று வயது, சொந்தமாகக் கராஜ் வைத்திருந்தான். சாதகம் நன்றாகப் பொருந்தியது. தாய்மார் சம்மதத்தோடு பிள்ளைகள் இரண்டு பேரும் தொலைபேசியில் கதைத்துப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு முதல் முடிவு சொல்லுங்கோ என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்தார்கள். எல்லாம் சரி, அந்தக் கராஜில் என்ன வேலை என்று நமசிவாயம் கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. கார்களுக்கு ஸ்பிரிங் மாற்றும் வேலை. அதிலும் கூடுதலாக, காரைத் தாழ்த்துகிற வேலை.

நமசிவாயத்தின் அகராதியில் நிலத்தோடு படிந்து ஓடுகிற காருக்கு ஒரே அர்த்தம்தான். கறுப்புக் கண்ணாடி, காது கிழிகிற சைலன்சர், உள்ளே நாலு பெடியள், நாலு பேரும் வீட்டுக்கு அடங்காதவர்கள். அந்தக் கூட்டத்துக்குச் செய்து கொடுக்கிறவன் மட்டும் எப்படி இருப்பான்?

அவருடைய முகம் போன போக்கைச் சாருஜா பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“அப்பா, இந்தமுறை நீங்கள் விசாரிக்கப் போகவேண்டாம். நான் கதைச்சுப் பாத்திட்டன். எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு.”

“ஓம் பிள்ளை” என்றார் நமசிவாயம்.

திங்கட்கிழமை காலை சாருஜா வேலைக்குப் போனதும், காரைக் கழுவக் கொடுக்கப்போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு நெல்லியடிக்கு வெளிக்கிட்டார்.

கார் பழைய வெள்ளைக் கொரோலா. வாகன இறக்குமதி நின்றுபோவதற்கு முதல் வாங்கியது. அதைவைத்தே அவர் திட்டம் போட்டிருந்தார். சந்திக் கடையில் விசாரித்தால் கடைக்காரன் சொல்வதைத்தான் நம்பவேண்டும். வாடிக்கையாளராகப் போனால் ஆளையே நேரில் சோதிக்கலாம். காரைத் தாழ்த்தவேண்டும், எந்த ஸ்பிரிங் நல்லது என்று கேட்பது. அவன் எப்படி ஏமாற்றுகிறான் என்று பார்ப்பது. பெயர் தம்பிராசா, ஊர் மானிப்பாய். இவ்வளவும் வல்லைப் பாலம் தாண்டுவதற்கு முதலே முடிவாகிவிட்டது.

கராஜ் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பாட்டு அலறும் என்று நினைத்துப் போனார். வானொலியில் செய்தி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நிலத்தில் எண்ணெய் சிந்திக் கிடக்கவில்லை. சுவரில் ஸ்பிரிங்குகள் உயரப்படி வரிசையாகத் தொங்கின. வெள்ளைப் பெயின்றால் ஒவ்வொன்றிலும் இலக்கம் போட்டிருந்தது. இவ்வளவு துப்புரவாக ஒரு கராஜ் இருக்கிறதென்றால் வேலை குறைவாக இருக்கவேண்டும் அல்லது ஏதோ ஒன்றை மூடி மறைக்கவேண்டும் என்று நமசிவாயம் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

பிரவீணன் மெலிந்த உயரமான ஆள். பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். விசயத்தைக் கேட்டுவிட்டு, “ஏன் ஐயா தாழ்த்தப் போறியள்?” என்றான்.

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நமசிவாயம் எதிர்பார்க்கவில்லை. கடைக்குப் போய் அரிசி கேட்டால் ஏன் அரிசி என்று கேட்கிறார்களா?

“வடிவுக்கு” என்றார்.

அறுபத்துநாலு வயது, நெற்றியில் திருநீறு, பொக்கற்றில் இரண்டு பேனை. இந்தக் கோலத்தில் ஒருவர் காரை வடிவுக்காகத் தாழ்த்தவேண்டும் என்றால் நானாக இருந்தால் சிரித்திருப்பேன். பிரவீணன் சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டி, எந்த ரோட்டால் கூடுதலாக ஓடுவீர்கள், ஒழுங்கையில் கல்லு, பள்ளக் கிடங்கு உண்டா, படலை வாசலில் மேடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கேட்கக் கேட்க நமசிவாயத்துக்குச் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வழி கேட்கிறானோ? தான் யாரென்று பிடித்துவிட்டானோ? அளந்து அளந்து பதில் சொன்னார்.

அதன்பிறகு வந்தது அந்தக் கேள்வி.

“பின் சீற்றிலை வழமையா ஆர் இருக்கிறவை?”

மனைவியும் மகளும் என்று சொன்னால், மகள் என்ன செய்கிறா என்று கேட்பான். அதற்கும் பதில் சொன்னால் பெயர் கேட்பான். நமசிவாயம் அந்த வாசலையே அடைக்க நினைத்தார்.

“ஆருமில்லை.”

“வீட்டிலை அம்மா, பிள்ளையள்?”

“மனுசி இல்லை. பிள்ளையளும் இல்லை. நான் தனி ஆள்.”

ஒரே மூச்சில் குடும்பத்தையே இல்லாமல் பண்ணிவிட்டு நெற்றியைத் துடைத்தார். பிரவீணனின் முகம் சட்டென்று மாறியதைக் கண்டார். கண்டதற்கு அர்த்தம்தான் அப்போது விளங்கவில்லை.

பிரவீணன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினான். மூன்று சோடி ஸ்பிரிங்குகளை எடுத்து மேசையில் வைத்தான். சில்லுக்கு மேலே நின்று காரைத் தாங்குகிறது இந்தச் சுருள்தான் ஐயா, கட்டையானதைப் போட்டால் கார் பதியும், ஆனால் கட்டையானது விறைப்பாகவும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பாரம் ஏறும்போது கார் நிலத்தில் முட்டும் என்று விளங்கப்படுத்தினான். முதல் சோடி இரண்டு அங்குலம் தாழ்த்தும். படம் எடுக்க வடிவு, எங்கள் ஒழுங்கைகளுக்குச் சரிவராது. இரண்டாவது, வேண்டியபடி ஏற்றி இறக்கக்கூடியது. விலையும் கூட, வீட்டுக் காருக்குத் தேவையும் இல்லை. மூன்றாவது ஓர் அங்குலம் மட்டும் தாழ்த்தும். முன்னுக்கு அதைப் போடுவோம் என்றான். பின்னுக்கு மட்டும் அதே உயரத்தில் மெல்லிய கம்பிச் சோடி ஒன்றை எடுத்தான். ஆட்கள் இருக்கிறதென்றால் இதைப் போடமாட்டேன், தனிய ஓடுகிற உங்களுக்கு விறைப்பானதைப் போட்டால் முதுகு நோகும் என்றான்.

விலை கூடியதைத் தலையில் கட்டுவான் என்று காத்திருந்தவருக்கு இது ஏமாற்றம். மலிவானதைக் காட்டி நம்பவைத்துவிட்டுப் பிறகு வேறெதிலாவது பிடிப்பான் என்று தேற்றிக்கொண்டார். தான் கொண்டுவந்த பொறியை எடுத்து வைத்தார்.

“தம்பி, உள்ள ஸ்பிரிங்கையே ரெண்டு சுத்து வெட்டிவிட்டால் காணாதோ? வேறை இடத்திலை அப்பிடித்தான் செய்யினமாம். உமக்கும் கெதியா வேலை முடியும்.”

“வெட்டுறதெண்டால் பத்து நிமிசம் ஐயா. வெட்டினது அதின்ரை இருப்பிலை ஒழுங்கா இராது. ஒரு கிடங்கிலை சில்லு விழுந்து எழும்பேக்கை ஸ்பிரிங் விலகினால், பிறகு உங்களைத்தான் தேடவேணும்.” ஸ்பிரிங்கை மேசையில் வைத்துவிட்டு, “நான் வெட்டிறேல்லை. வெட்டுவிக்கிறதெண்டால் வேறை ஆரிட்டையும் போங்கோ. ஆனால் போகாதேங்கோ” என்றான்.

வேலை மூன்று மணித்தியாலம் எடுத்தது. நமசிவாயம் கதிரையில் இருந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடங்குவதற்கு முதல், நாலு சில்லின் நடுவிலிருந்தும் மட்கார்ட் விளிம்பு வரை அளந்து ஒரு கடதாசியில் எழுதினான். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் பெயின்றால் ஒரு கோடு போட்டான். ஒரு நட்டின் புரி தேய்ந்திருந்தது. பார்த்துவிட்டு எறிந்தான், உள்ளே போய்ப் புதிதொன்று கொண்டுவந்து பூட்டினான். அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பிறகு கணக்கிலும் சேர்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்த வேலை அது. முப்பத்தொரு வருசத்தில் இப்படியான கைகளை அவர் ஐந்தாறு தடவை கண்டிருப்பார்.

மத்தியானம் வந்தது. ஐயா எங்கே சாப்பிடுவீர்கள் என்று பிரவீணன் கேட்டான். கடையில் பார்க்கலாம் என்றார். அவன் தன்னுடைய சாப்பாட்டைத் திறந்து, பாதியை ஒரு கோப்பையில் போட்டு அவர் முன்னால் வைத்தான். திங்கட்கிழமை, மரக்கறிச் சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பும் பயற்றங்காய்ப் பிரட்டலும். அம்மா சமைத்தது என்றான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், அவன் விடவில்லை. சம்பந்தியாக வரவேண்டிய மனுசியின் கைச்சோற்றைக் கள்ளப் பெயரில் இருந்துகொண்டு நமசிவாயம் சாப்பிட்டார். ருசியாகத்தான் இருந்தது.

கடைசியில் திரும்ப அளந்து, முந்திய அளவுக்குப் பக்கத்தில் எழுதி, கடதாசியை அவர் கையில் கொடுத்தான். பழைய ஸ்பிரிங்குகளைச் சாக்கில் சுற்றி டிக்கியில் வைத்தான். ஒரு கிழமை ஓடிய பிறகு கொண்டுவாருங்கோ, இன்னொருக்கால் பார்க்கவேண்டும் என்றான். பிறகு தன்னுடைய நம்பரை எழுதிக் கொடுத்து, தனிய இருக்கிறீர்கள், ஏதும் அவசரமென்றால் கார் விசயமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, எடுங்கோ என்றான்.

திரும்பி வரும்போது வல்லை வெளியில் காற்று நன்றாக அடித்தது. கார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு ஓடியது, வளைவில் சரியவேயில்லை. நமசிவாயத்துக்கு மனம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை என்றால் இவன்தான். தேடினாலும் கிடைக்காது. இந்தக் கையில் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடலாம். வெகு காலத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு மனுசனைப் பிடித்திருந்தது.

அச்சுவேலிச் சந்தியில்தான் அந்த நினைப்பு வந்தது. சம்மதம் சொன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவான். வந்து, மனுசியும் இல்லை பிள்ளையும் இல்லை என்று சொல்லிச் சோறு வாங்கித் தின்ற தம்பிராசா வாசலில் நின்று வரவேற்பதைப் பார்ப்பான். அவன் பார்ப்பதை அவனுடைய தாய் பார்ப்பாள். பிறகு ஊர் பார்க்கும். ரிக்கற் இல்லாமல் பிடிபட்டவர்கள் எல்லாருக்கும் முன்னால் எப்படிக் கூனிப்போய் நிற்பார்கள் என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? காரை ஓரமாக நிற்பாட்டிக் கொஞ்ச நேரம் இருந்தார்.

அன்று பின்னேரம் வீட்டில், நெல்லியடிக்குப் போனதை அவர் சொல்லவில்லை. சாருஜா வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்து, வழமைபோல அறைக்குள் போய்த் தொலைபேசியில் கதைத்தாள். பிறகு ஒருக்கால் முற்றத்துக்குப் போய்வந்தாள். அவர் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. தன்னுடைய பயத்தைக் கவனிக்கவே அவருக்கு நேரம் காணவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, பிட்டுச் சாப்பிடும்போது நமசிவாயம் தொண்டையைச் செருமினார்.

“உந்த நெல்லியடிப் பெடியன் சரிவராது.”

ஞானாம்பிகை சம்பலோடு அப்படியே நின்றாள். சாருஜா தகப்பனைப் பார்த்து, “ஏன் அப்பா?” என்று அமைதியாகக் கேட்டாள்.

“தொழில் சுத்தமில்லையாம். பழைய ஸ்பிரிங்கை வெட்டிப் பெயின்ற் அடிச்சுப் புதுசெண்டு விக்கிறானாம். தெரிஞ்ச ஒரு ஆள் சொன்னவர். காசுக்காக ஆக்களின்ரை உயிரோடை விளையாடுறவனுக்குப் பிள்ளையைக் குடுக்கேலாது.”

இதை எழுதும்போது எனக்கே கோபம் வருகிறது. உலகத்தில் எத்தனையோ பொய் இருக்க, அந்த மனுசன் அந்தப் பெடியனிடம் கண்ட ஒரேயொரு உண்மையை எடுத்துத் தலைகீழாகப் பிரட்டி வைத்தார். முகத்தைக் காப்பாற்றுவதற்கு மகளின் வாழ்க்கையை விலையாகக் கொடுத்துவிட்டு, பிட்டுக்கு இன்னும் கொஞ்சம் சம்பல் போட்டுக்கொண்டார்.

சாருஜா கையைக் கழுவிவிட்டு வந்து அவருக்கு முன்னால் இருந்தாள்.

“நேற்றுப் பின்னேரம் அவர் கதைச்சவர். மானிப்பாயிலை இருந்து ஒரு ஐயா வந்தவராம், வெள்ளைக் கொரோலாவிலை. மனுசியும் இல்லையாம், பிள்ளையளும் இல்லையாம், ஆருமில்லாத மனுசனாம். சாப்பிடேக்கை அந்த ஐயா தலையை நிமித்தவே இல்லையாம், அதைப் பாக்க அவருக்குத் தாங்கேலாமல் போட்டுதாம். எங்கடை கலியாணத்துக்கு முதல் கார்ட் அவருக்குத்தான் குடுக்கவேணும் எண்டு சொன்னவர்.”

நமசிவாயத்தின் கை பிட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

“நான் வெளியிலை போய்க் காரைப் பாத்தனான். ரெண்டு விரல் தாழ்ந்து நிக்குது. அது நீங்கள்தான் எண்டு நான் அவருக்குச் சொல்லேல்லை. விடிய நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.” எழும்பினாள். “எனக்கு அப்பா இருக்கிறார் எண்டு நீங்களே அவருக்குச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்.”

ஹெல்மெற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஸ்கூட்டர்ச் சத்தம் ஒழுங்கையால் போய் மறைந்தது. ஞானாம்பிகை எதிர்க் கதிரையில் வந்து இருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

“நான் எதிலை செத்தனான் எண்டும் சொன்னனீங்களோ?”

நமசிவாயம் பிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அன்று பத்து மணிக்குத்தான் தொலைபேசியைக் கையில் எடுத்தார். அதுவும் மனைவி முன்னால் வந்து நின்றதால்.

பிரவீணன் குரலைக் கேட்டதுமே, கார் ஏதும் சத்தம் போடுகிறதா ஐயா என்று கேட்டான். நமசிவாயம் எழுதி வைத்திருந்ததுபோல ஒரே வேகத்தில் சொல்லி முடித்தார். தான் தம்பிராசா இல்லை, ஊர் மானிப்பாய் இல்லை, வீட்டில் மனைவி இருக்கிறாள், ஒரு மகள் இருக்கிறாள், பெயர் சாருஜா. தொலைபேசியை வைத்துவிட்டானோ என்று பார்த்தார். வைக்கவில்லை.

“சாருஜாவுக்குத் தெரியுமோ?”

“நேற்று நீங்கள் சொன்னதைக் கேட்டு, காரைப் பாத்துப் பிடிச்சிட்டாள். விடிய என்னோடை கோவிச்சுக்கொண்டு வேலைக்குப் போட்டாள்.”

மற்றப் பக்கத்தில் வானொலியை நிற்பாட்டுவது கேட்டது.

“ஐயா, நீங்கள் கதைச்சது நல்லது. ஆனால் இதை நான் அம்மாவிட்டை மறைக்கேலாது. அவ இனி உங்கடை பக்கம் வந்து விசாரிக்கவேணும் எண்டு நிண்டால் நான் மறிக்கவும் மாட்டன்.” பிறகு, “இன்னொண்டு. பின்னுக்குப் போட்டது தனி ஆளுக்கான ஸ்பிரிங். மாத்தும் வரைக்கும் வீட்டு ஆக்களைப் பின் சீற்றிலை ஏத்தாதேங்கோ. ஆபத்து” என்றான்.

விசாரிக்க வருவார்கள். நமசிவாயத்துக்கு அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது. புதன்கிழமை முழுக்க ஒழுங்கையில் போகிற வருகிற எல்லாரையும் பார்த்தார். ஒரு பெண் குடையோடு மெல்ல நடந்து போனாள், அவளாக இருக்குமோ? ஒருவன் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி வேலிக்கு மேலால் பார்த்தான், இவனாக இருக்குமோ? யாரிடம் கேட்பார்கள் என்று வீடு வீடாக எண்ணிப் பார்த்தார். முன்வீட்டுக்காரரோடு வேலி எல்லைக்காகப் பேச்சு இல்லை. அடுத்த வீட்டுப் பெடியனைத் தேங்காய்க் கள்ளன் என்று ஒருநாள் கத்தியிருக்கிறார். தேங்காய் பிறகு கிணற்றடியில் கிடந்தது. தன்னைப்பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஓர் ஆளை அந்த ஒழுங்கையில் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அது அவருக்கு நன்றாகவே வலித்தது.

வியாழக்கிழமை பின்னேரம் ஒழுங்கை முகப்பில் இருக்கிற குணலட்சுமியின் கடைக்குப் போனார். இரண்டு வருசமாக அவர் மிதிக்காத கடை. அரைக் கிலோ சீனியை வீட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டு, குறைகிறது என்று நாலு பேர் முன்னால் அவளை விசாரணை செய்தவர். திரும்ப நிறுத்தபோது சரியாக இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, வேறு கடைக்குப் போகத் தொடங்கினார்.

குணலட்சுமி அவரைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. காலையில் நெல்லியடிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தவர்கள் என்றாள். தாயும் தாயின் தமக்கையும். சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் கதைத்தார்களாம்.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“உள்ளதைத்தான் சொன்னன். செக்கர் ஐயா ஒருத்தரையும் நம்பமாட்டார் எண்டன். என்ரை தராசைக்கூட நம்பேல்லை எண்டன்.”

நமசிவாயம் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டார். “அதுக்கு அவை?”

“தமக்கை எழும்பிட்டா, போவம் எண்டு. தாய்தான் இருந்து கேட்டா, அப்ப அந்தப் பிள்ளையும் அப்பிடித்தானோ எண்டு.”

குணலட்சுமி ஒரு வாடிக்கைக்காரருக்குப் பருப்பு நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அவளுடைய முகத்தில் பழிவாங்கும் குணம் ஏதும் இருக்கிறதா என்று நமசிவாயம் பார்த்தார். இல்லை.

“நான் சொன்னன், அது தங்கமான பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ எண்டு. உந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டால் அது நிம்மதியா இருக்கும் எண்டும் சொன்னன். அதைக் கேட்டாப் பிறகுதான் தாய்க்கு முகம் தெளிஞ்சுது.”

நமசிவாயம் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை விடிய நெல்லியடியிலிருந்து சம்மதம் வந்தது. ஞானாம்பிகை அழுதாள், சாருஜா மூன்று நாளுக்குப் பிறகு அப்பா என்று கூப்பிட்டாள். எல்லாருக்கும் சந்தோசம், அவருக்கும்தான். குணலட்சுமியின் எந்தச் சொல்லைக் கேட்டு அந்தச் சம்மதம் வந்தது என்பதை மட்டும் அவர் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.